கருவியும் கையும்: டேவிட் ஹாக்னியின் உருவ ஓவியங்கள்

முன்னுரை

ஒருவரை எதிரே இருத்தி, அவர்தம் முகத்தையும் வடிவையும் கண்டு எழுதுவதை உருவ ஓவியம் என்கிறோம். ஐரோப்பிய ஓவிய மரபில் ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேலாக இவ்வகை சிறப்பிடம் பெற்று வந்துள்ளது. கண் காண்பதைக் கை எழுதுவதே இக்கலையின் இயல்பு என்றும், கண்ணுக்கும் கைக்கும் இடையே ஒரு கருவி புகுமாயின் கலையின் தூய்மை கெடும் என்றும் கருதுவோர் பலர். நிழற்படக் கருவி வந்தபோது இக்கருத்து வலுப்பெற்றது. கணிப்பொறி வந்தபின் இன்னும் மிகுந்தது. டிஜிட்டல் எனப்படும் எண்மமுறையில், அஃதாவது ஒவ்வொரு கோட்டையும் நிறத்தையும் எண்களாக மாற்றிக் கொள்ளும் பொறியின் வாயிலாக, எழுதப்பெறும் உருவம் ஓவியம் எனத் தகுமா என்ற வினா இன்றும் ஓய்ந்தபாடில்லை.

இவ்வினாவைப் பொதுநிலையில் வைத்து வாதிடுவதினும், ஓர் ஓவியர் தம் வாழ்நாள் முழுதும் செய்த பணியை வைத்து ஆராய்வது பயன் தரும். இங்கிலாந்து நாட்டில், யார்க்ஷயர் பகுதியிலுள்ள பிராட்ஃபோர்டு நகரில் 1937 ஜூலை 9ஆம் நாள் பிறந்த டேவிட் ஹாக்னி இவ்வாராய்ச்சிக்கு மிகவும் ஏற்றவராவர். அவர் எழுதுகோலையும் துகிலிகையையும் விட்டவரல்லர். புதிய கருவி எதனையும் தொடாது ஒதுக்கியவருமல்லர். அதனோடு, பழம்பெரும் ஓவியர்கள் கருவிகளைக் கையாண்ட வரலாற்றையும் தாமே ஆராய்ந்து நூல் எழுதினார். அவர் கணிப்பொறியைக் கொண்டு உருவ ஓவியம் எழுதியது புதுமை விருப்பத்தால் நேர்ந்ததன்று. அவ்வரலாற்று ஆராய்ச்சியின் வழியே கனிந்த பயன் என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கருவிகளின் பழமை

ஓவியர் கருவி கொள்வது இக்காலத்து வழக்கம் என்று எண்ணுதல் பிழை. இத்தாலிய அறிஞர் அல்பெர்ட்டி 1435இல் ஓவியத்தைப் பற்றி எழுதிய நூலில், நூலிழைகளால் கட்டமிட்ட மெல்லிய திரையொன்றை எதிரே நிறுத்தி, அதன் வழியே உருவத்தை நோக்கி எழுதும் முறையைக் கூறுகின்றார். செருமானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டூரர் 1525இல் வெளியிட்ட அளவை நூலில் மரச்செதுக்குப் படம் ஒன்று உண்டு. அதில் ஒருவர் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். ஓவியர் அவருக்கு எதிரே ஒரு கண்ணாடிப் பலகையை நிறுத்தி, கண் அசையாதவாறு ஒரு குறித்த இடத்தில் வைத்து, கண்ணாடியின்மீதே அவருருவத்தை எழுதுகின்றார். ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்குப்பின் ஹாக்னியும் கண்ணாடிப் பரப்பின்மீதே உருவம் எழுத நேர்ந்தது என்பதை நினைவிற் கொண்டு இப்படத்தை நோக்குதல் வேண்டும்.

இருட்டறையின் சிறு துளை வழியே வெளியுருவம் உட்சுவரில் தலைகீழாக விழும் இயல்பைக் கொண்டு அமைந்தது 'கேமரா அப்ஸ்கியூரா' என்னும் கருவி. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தலைசிறந்த உருவ ஓவியராக விளங்கிய சர் ஜோஷுவா ரெயினால்ட்ஸ் இக்கருவி ஒன்றை வைத்திருந்தார். மடித்தால் பெரிய நூல்போல் தோன்றும் அக்கருவி இலண்டன் அறிவியற் காட்சிச்சாலையில் உள்ளது.

1806இல் வில்லியம் ஹைடு வோலாஸ்டன் என்னும் ஆங்கில அறிவியலறிஞர் 'கேமரா லூசிடா' என்னும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். இஃது ஒரு தண்டின் முனையில் பொருத்திய சிறு முப்பட்டகமேயன்றி வேறில்லை. ஓவியர் அதன் விளிம்பின் வழியே குனிந்து நோக்கின், எதிரே இருப்பவரின் உருவமும் கீழே உள்ள தாளும் ஒருங்கே தோன்றும். உருவம் தாளில் விழுவதில்லை. நோக்குவார் கண்ணில் மட்டுமே அங்ஙனம் தோன்றுகிறது. கண் சிறிது அசையினும் உருவமும் அசைந்துவிடும். ஆதலின், இக்கருவியை வைத்துக்கொண்ட அளவில் எவரும் ஓவியராகிவிட இயலாது. எழுதத் தெரிந்தவருக்கே இது துணை செய்யும். இவ்வுண்மை பின்னர் நம் ஆராய்ச்சிக்குப் பெரிதும் வேண்டப்படுவதாகும்.

2. ஹாக்னியும் நிழற்படமும்

ஹாக்னி 1953 முதல் 1957 வரை பிராட்ஃபோர்டு கலைப்பள்ளியிலும், 1959 முதல் 1962 வரை இலண்டன் இராயல் கலைக் கல்லூரியிலும் பயின்றார். மாணவராயிருந்த காலத்தில், 1955இல், தம் தந்தையை இருத்தி எழுதிய எண்ணெய் வண்ண ஓவியம் ஒரு கண்காட்சியில் 10 பவுனுக்கு விலைபோயிற்று. அவர் விற்ற முதல் ஓவியமே உருவ ஓவியமாயிருந்தது குறிக்கத்தக்கது.

1960ஆம் ஆண்டுகளின் பிற்பகுதி முதல் அவர் இருவரை ஒருங்கே வைத்து எழுதிய பேரளவு ஓவியங்கள் புகழ் பெற்றன. இலண்டன் டேட் காட்சிக்கூடத்திலுள்ள 'திருவாளர் கிளார்க்கும் மனைவியும் பெர்சியும்' (1970-71) அவற்றுள் ஒன்று. பெர்சி என்பது ஒரு பூனையின் பெயர். இவ்வோவியங்களுக்கு முன்னோட்டமாக அவர் நிழற்படங்கள் எடுத்தார். அவற்றோடு நேரிற் கண்டு எழுதிய கோட்டோவியங்களையும் துணையாகக் கொண்டார். எனினும் நிழற்படத்தின்பால் அவருக்கு மனநிறைவு உண்டாகவில்லை.

1977இல் எழுதி முடித்த 'என் பெற்றோர்' என்னும் ஓவியத்தில் இம்மனநிலை ஒருவாறு புலனாகிறது. இதற்கு முன் பெற்றோரை வைத்து எழுதத் தொடங்கிய படத்தை அவர் முடிக்காமலே கைவிட்டார். முடிந்த படத்தில் தாய் நிமிர்ந்து அமர்ந்து மகனை நேர் நோக்குகின்றார். ஓரிடத்தில் அமைதியாக இருக்க இயலாத தந்தையோ குனிந்து ஒரு நூலைப் படித்துக்கொண்டிருக்கின்றார். அந்நூல் ஆரன் ஷார்ஃப் என்பார் கலையையும் நிழற்படத்தையும் பற்றி எழுதிய ஆராய்ச்சி நூலாகும். மகனின் உள்ளத்தை அலைக்கழித்த சிக்கல் தந்தையின் மடியில் நூலாக விரிந்து கிடக்கிறது. தந்தை மறுஆண்டு, 1978இல், மறைந்தார்.

நிழற்படத்தின்மேல் ஹாக்னி கூறிய குறை யாது? அஃது ஒற்றைக் கண்ணால், ஓரிடத்தில் நின்று, ஒரு நொடியில் காணும் காட்சி என்பதே. மாந்தர் அவ்வாறு காண்பதில்லை. இரு கண்களாலும், தலையை அசைத்தும், நேரம் செலவிட்டும் காண்கின்றனர். ஒன்றைக் காணும்போதே முன் கண்டதை நினைவு கூர்கின்றனர். ஓர் ஓவியர் ஒருவரைப் பல மணிநேரம் இருத்தி எழுதும்போது அக்காலம் முழுவதும் ஓவியத்துள் அடங்குகிறது. நிழற்படத்துள் அக்காலம் இல்லை.

இக்குறையை நிழற்படத்தைக் கொண்டே களைய இயலுமா என்று அவர் 1982இல் முயன்றார். பல கோணங்களில் பல வேளைகளில் எடுத்த சிறு படங்களை அடுக்கி ஒட்டி ஓருருவம் ஆக்கினார். 1982 நவம்பரில் யார்க்ஷயரிலுள்ள போல்ட்டன் மடத்தின் இடிபாடுகளிடையே அமர்ந்த தம் தாயை இம்முறையில் படமாக்கினார். அப்படத்தின் கீழ்விளிம்பில் மகனுடைய காலணி முனைகளும் தெரிகின்றன. காண்பவன் எங்கோ மறைந்திருப்பவன் அல்லன். காணப்படுபவர்க்கு எதிரே நிற்பவன் என்பதை அக்காலணிகள் உணர்த்துகின்றன. அவர் கருவியை வெறுத்தவரல்லர் என்பதும், கருவி காலத்தையும் காண்போனையும் விலக்கிவிடுவதையே வெறுத்தார் என்பதும் இதனால் பெறப்படும்.

3. ஆங்கிரின் கோடு

1999இல் இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் பிரெஞ்சு ஓவியர் ஆங்கிரின் (1780-1867) உருவ ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பெற்றன. ஆங்கிர் 1806 முதல் 1820 வரை ரோம் நகரில் வாழ்ந்தபோது, அந்நகரைக் காண வந்த பயணிகளைக் கரிக்கோலால் வரைந்து பொருளீட்டினார். நெடுநல்வாடையில் வரும் 'புனையா ஓவியம்' என்னும் தொடருக்கு வண்ணம் தோயாது கோட்டால் மட்டும் அமைந்த ஓவியம் என உரைகாரர் பொருள் கொள்வர். அத்தொடர்க்கு இலக்கியமாகத் தகுவன ஆங்கிரின் இப்படங்கள்.

இவற்றைக் கண்ட ஹாக்னிக்கு ஓர் ஐயம் எழுந்தது. படங்கள் அளவிற் சிறியன. எழுதப்பட்டவர்களோ ஓவியர் முன்பின் அறியாதவர்கள். ஆயினும் முகச்சாயல் தவறாமல் அமைந்துள்ளது. கோடுகளில் தயக்கமோ திருத்தமோ இல்லை. இவ்வுறுதியான கோட்டை வேறெங்கோ கண்டதுண்டே என்று எண்ணிய அவருக்கு, இருபதாம் நூற்றாண்டின் அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோலின் கோடு நினைவுக்கு வந்தது. வார்ஹோல் நிழற்படத்தை ஒளிக்கருவியால் தாளின்மேல் வீழ்த்தி, அதன்மேல் ஓடித் தடம் பிடித்து எழுதியவர். அங்ஙனமாயின் ஆங்கிரும் ஓர் ஒளிக்கருவியைக் கையாண்டிருத்தல் கூடுமோ என்பதே ஹாக்னியின் ஐயம். வோலாஸ்டனின் கருவி அக்காலத்தே வழக்கில் இருந்தது.

ஏட்டறிவால் மட்டும் இவ்வையத்தைத் தீர்க்க அவர் முயலவில்லை. தாமே ஒரு கேமரா லூசிடாவைப் பெற்று, தம்மை நாடி வந்தவர்களையெல்லாம் இருத்தி எழுதிப் பார்த்தார். ஓராண்டளவில் 200க்கு மேற்பட்ட உருவங்களை இங்ஙனம் எழுதினார். அவர் கையாண்ட முறை அறியத்தக்கது. முதற்கண், சில நிமிடங்களில், கருவியின் வழியே நோக்கிக் கண்களின் கடை, மூக்குத்துளை, இதழ்களின் முனை ஆகியவற்றின் இடங்களைச் சிறு புள்ளிகளாகக் குறிப்பார். பின்னர்க் கருவியை விட்டு நிமிர்ந்து, எதிரே இருப்பவரை நேரே நோக்கி மணிக்கணக்கில் எழுதுவார். முகத்தில் ஒரு நொடி தோன்றி மறையும் குறிப்பைப் புள்ளிகள் பிடித்து வைத்துக்கொள்கின்றன. மற்றவை கண்ணுக்கும் கைக்கும் உரியனவாக நிற்கின்றன.

இம்முயற்சியின் நிறைவாக 1999-2000இல் 'ஆங்கிருக்குப் பின் ஒரே சீரில் 12 உருவங்கள்' என்னும் தொகுதி வெளிவந்தது. இதில் எழுதப்பட்டோர் தேசிய ஓவியக்கூடத்தின் காவற் பணியாளர் பன்னிருவர். ஆங்கிலத் தலைப்பில் உள்ள சொல் ஒரே சீரான நடையையும் பணியாளர் அணியும் சீருடையையும் ஒருங்கே குறிக்கும். ஆங்கிருக்குப் பயணிகள் எவ்வாறு அயலாரோ அவ்வாறே இவர்களும் ஹாக்னிக்கு அயலார். ஆங்கிர் எழுதியவர்கள் பொருள் கொடுத்துப் படம் பெற்ற செல்வர்கள். ஹாக்னி எழுதியவர்களோ, நாள்தோறும் பிறருடைய உருவ ஓவியங்களின் அருகே நின்றும் எவராலும் நோக்கப்படாதவர்கள். 2000இல் அதே ஓவியக்கூடத்தில் அவர்தம் உருவங்கள் காட்சிக்கு வந்தன. கருவி இங்கே கலையைக் குறைக்கவில்லை. புறக்கணிக்கப்பட்ட முகங்களை நெடிது நோக்குதற்கு வாயிலாயிற்று.

4. நூலும் மறுப்பும்

ஆங்கிரோடு ஹாக்னியின் ஐயம் நிற்கவில்லை. பல நூற்றாண்டு ஓவியங்களின் படிகளைத் தம் அமெரிக்கப் பணிக்கூடத்தின் நீண்ட சுவரில் கால வரிசையில் ஒட்டி வைத்து ஒப்பிட்டார். 1430ஆம் ஆண்டையொட்டிப் பிளாண்டர்சு நாட்டு ஓவியங்களில் முகமும் ஆடையும் உலோகமும் திடுமென உயிர்த்தன்மை பெறுவதைச் சுட்டி, ஆடியோ வில்லையோ வீழ்த்திய ஒளியுருவத்தைக் கண்டு எழுதியதே இதற்குக் காரணம் என்றார். அரிசோனாப் பல்கலைக்கழக இயற்பியலறிஞர் சார்லஸ் பால்கோ இக்கருத்துக்குக் கணக்கு முறையில் துணை நின்றார். இத்தாலிய ஓவியர் லொரென்சோ லோட்டோவின் கணவன் மனைவி ஓவியத்தில், மேசைவிரிப்பின் கோலம் உட்செல்லச் செல்லத் தெளிவிழந்து கோணமும் மாறுவதை அவர்கள் சான்றாகக் காட்டினர். வில்லையின் தெளிவெல்லையைக் கடந்தபோது அதனை நகர்த்தி வைத்து மீண்டும் எழுதியதால் இம்மாற்றம் நேர்ந்தது என்பது அவர்தம் முடிபு. இவையனைத்தும் 'சீக்ரெட் நாலெட்ஜ்' என்னும் நூலாக 2001இல் வெளிவந்தன.

நூலுக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. 2001 டிசம்பரில் நியூயார்க்கில் இதுபற்றி ஆராய்ச்சி அரங்கொன்று கூடியது. டேவிட் ஸ்டோர்க் முதலிய அறிஞர்கள் மறுப்புக் கட்டுரைகள் எழுதினர். அக்காலத்தில் பெரிய உருவத்தைத் தெளிவாக வீழ்த்தவல்ல குழியாடிகள் இருந்தமைக்கும், ஓவியர் அவற்றை இவ்வாறு கையாண்டமைக்கும் எழுத்துச் சான்று இல்லை. அங்ஙனம் வீழ்த்துவதற்கு மிகுந்த ஒளி வேண்டும். யான் வான் ஐக் 1434இல் எழுதிய அர்னோல்பீனி இணையர் ஓவியத்தில் தொங்கும் விளக்கை அளந்து பார்ப்பின், ஒளியுருவத்தைத் தடம் பிடித்ததற்குரிய ஒழுங்கு அதில் இல்லை என்பன அவர்தம் மறுப்புகள்.

இருதிறத்தாரையும் நடுநிலையில் நோக்குவார்க்கு ஒன்று தெளிவாகும். பதினேழாம் நூற்றாண்டுக்குப் பின் ஓவியர் சிலர் ஒளிக்கருவிகளைக் கையாண்டனர் என்பதை மறுப்பார் மிகச் சிலரே. டச்சு ஓவியர் வெர்மீர் கேமரா அப்ஸ்கியூராவைக் கையாண்டிருத்தல் வேண்டும் என்று பிலிப் ஸ்டெட்மன் 2001இலேயே தனி நூலில் வாதிட்டார். ஆனால் 1430ஆம் ஆண்டளவிலேயே இவ்வழக்கம் பரவியிருந்தது என்னும் ஹாக்னியின் பெருங்கூற்று நிறுவப்பெற்றதாகக் கொள்ள இயலாது. எழுத்துச் சான்றில்லாதபோது ஓவியத்தின் தோற்றம் ஒன்றையே கொண்டு அதன் செய்முறையை உறுதிசெய்தல் அரிது.

எனினும், எதிர்ப்பின் அடியில் மற்றோர் அச்சமும் இருந்தது. பெரும் ஓவியர் கருவி கொண்டனர் எனின் அவர் பெருமை குறையுமே என்பதே அவ்வச்சம். ஹாக்னியோ இதனைச் சிறிதும் ஏற்கவில்லை. ஒளிக்கருவி தானே கோடு இடுவதில்லை; இடுவது ஓவியரின் கையே என்பதே அவர் விடை. இவ்விடை கருத்தளவில் பிறந்ததன்று. கேமரா லூசிடாவைக் கொண்டு 200க்கு மேற்பட்டோரை எழுதிய கையினின்றும் பிறந்தது. வரலாற்றுக் கூற்று ஐயத்திற்கு இடமாயினும், அதனை ஆராயும் வழியில் அவர் கண்ட தொழிலறிவு ஐயத்திற்கு இடமற்றது. அவ்வறிவே அவரைக் கணிப்பொறிக்கு ஆயத்தப்படுத்தியது.

5. கணிப்பொறியில் உருவ ஓவியம்

ஹாக்னி கணிப்பொறியை முதன்முதலாகத் தொட்டது இதற்கு முன்னரே நிகழ்ந்தது. பிபிசி நிறுவனம் 1987இல் ஒளிபரப்பிய தொடரொன்றில் ஓவியர் சிலரை அழைத்து, 'குவான்டெல் பெயின்ட்பாக்ஸ்' என்னும் பொறியில் எழுதச் செய்தனர். அவருள் ஹாக்னியும் ஒருவர். தாளில் வண்ணம் தீட்டுவதற்கு மாறாக ஒளியையே வண்ணமாகக் கொண்டு எழுதும் முறை அவரைக் கவர்ந்தது. 1990ஆம் ஆண்டை அடுத்து மக்கின்டோஷ் கணிப்பொறியிலும் எழுதிப் பார்த்தார். ஆனால் அக்காலத்துப் பொறிகள் மெல்ல இயங்கின. கை கோட்டை முடித்துவிட்ட பின்னரே திரையில் கோடு தோன்றும். எழுதுபவன் தன் கோட்டைத் தொடர்ந்து செல்ல இயலாத நிலையில், உயிருள்ள கோடு பிறத்தல் அரிது. ஆதலின் அவர் அதனை விட்டு விலகினார். புதுமை விருப்பம் ஒன்றே காரணமாயின் அவர் விலகியிருத்தற்கு இடமில்லை. கைக்கு ஒத்துவராத கருவியை அவர் ஏற்கவில்லை என்பதே இதனால் விளங்கும் உண்மை.

பொறிகளின் விரைவு பெருகிய பின்னர் அவர் மீண்டும் வந்தார். யார்க்ஷயர்க் கடற்கரை நகரான பிரிட்லிங்டனில் தங்கியிருந்த காலத்தில், குடும்பத்தாரையும் நண்பரையும் எதிரே இருத்தி, மின்பலகையில் எழுதுகோல் கொண்டு 'போட்டோஷாப்' மென்பொருளின் வழியே உருவங்களை எழுதினார். அவை மைத்தெளிப்பு அச்சுப்பொறியில் தாளில் அச்சிடப்பெற்று, 'அச்சுப்பொறிக்குள் வரைதல்' என்னும் பொருள்படும் தலைப்பில் 2009இல் இலண்டனில் காட்சிக்கு வந்தன. இத்தலைப்பு கருதத்தக்கது. முன்னர் ஓவியத்தைப் படம் பிடித்துப் பின் அச்சிடுவர்; அங்கு அச்சு என்பது படியாகும். இங்கோ அச்சிடுவதற்கென்றே ஓவியம் எழுதப்படுகிறது, அச்சே மூலம். செதுக்கோவியத்திலும் கல்லச்சோவியத்திலும் நெடுங்காலமாக நிலவிய முறையே இது. பலகைக்குப் பதிலாகக் கணிப்பொறி நிற்கிறது.

2009இல் அவர் ஐபோனில் 'பிரஷஸ்' என்னும் மென்பொருளைக் கொண்டு பெருவிரலால் எழுதலானார். 2010இல் ஐபேட் வெளிவந்ததும் அதனைக் கைக்கொண்டார். அவருடைய மேற்சட்டைகளில் வரைவேடு வைத்தற்கென்றே பெரிய உட்பை தைக்கப்பெற்றிருந்தது. அப்பையினுள் ஐபேடும் அடங்கியது. அவருக்கு அது வரைவேட்டின் இடத்தைப் பெற்றது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா. வண்ணக் குழம்பும் நீரும் துடைக்கும் துணியும் வேண்டாமையால், விடியற்காலை இருளிலும் படுக்கையில் இருந்தவாறே எழுத முடிந்தது. 2012இல் தம் முகத்தையே எதிரே வைத்து ஐபேடில் தன்னுருவங்கள் பலவற்றை எழுதினார். நெற்றியைச் சுருக்கியும் வாய் கோணியும் புகைத்துக்கொண்டும் தோன்றும் அம்முகங்கள் ஒரு முதியவர் தம்மைத் தாமே எள்ளி நகையாடும் பாங்கில் அமைந்துள்ளன. ரெம்பிராண்டு தம் இளமையில் கண்ணாடி முன் நின்று முகம் கோணி எழுதிய சிறு செதுக்கோவியங்களின் மரபில் இவற்றை வைத்தல் பொருந்தும்.

இம்மென்பொருளில் மற்றொரு வசதியும் உண்டு. எழுதி முடித்த ஓவியத்தை முதற்கோடு தொடங்கி இறுதிக்கோடு வரை எழுதிய முறையிலேயே மீண்டும் ஓடச்செய்து காணலாம். 2010இல் பாரிஸ் நகரில் நடந்த கண்காட்சியில் ஓவியங்கள் அக்கருவிகளிலேயே ஒளிர வைக்கப்பெற்றன. எழுதும் முறையும் ஓடிக் காட்டப்பெற்றது. பிக்காசோ எழுதுவதைத் திரைப்பட இயக்குநர் கிளூசோ 1956இல் வெளிவந்த படத்தில் காட்டியது முன்னரே உண்டு. ஆயின் அதற்குத் திரைப்படக் குழுவே வேண்டியிருந்தது. இங்குக் கருவியே நினைவு வைத்துக்கொள்கிறது. ஹாக்னி தாம் எழுதுவதைத் தாமே முதன்முறையாகக் காணும் வாய்ப்பைப் பெற்றார்.

இங்குத்தான் நம் ஆராய்ச்சியின் நடுப்பொருள் உள்ளது. நிழற்படத்தின்மேல் அவர் கூறிய குறை, அதில் காலம் இல்லை என்பது. எண்மக் கருவியோ கை இட்ட ஒவ்வொரு கோட்டையும் அதன் வரிசை மாறாது காக்கிறது. பார்வையாளர் எது முதலில் காணப்பட்டது, எது திருத்தப்பட்டது, எங்கே கை தயங்கிற்று என்பவற்றையெல்லாம் அறிகின்றனர். ஆகவே, நிழற்படத்தில் குறைகண்ட ஒருவர் கணிப்பொறியை ஏற்றது முரண்பாடன்று. இரண்டும் பொறிகளே, ஆயினும் ஒன்று கையை விலக்குகிறது, மற்றொன்று கையின் வழியே இயங்குகிறது. முன் குறித்த கேமரா லூசிடா இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தது. அதனால்தான் அவர் அதிலிருந்து இதற்கு எளிதில் வர முடிந்தது.

6. பேறும் இழப்பும்

பேறுகளை மட்டும் கூறி இழப்புகளை மறைத்தல் ஆராய்ச்சியாகாது. தாளுக்கு ஒரு பிடிப்பு உண்டு. கரிக்கோல் அதன்மேல் உராயும்போது கை அத்தடையை உணர்ந்து தன் விசையை மாற்றிக்கொள்ளும். கண்ணாடிப் பரப்பில் அத்தடை இல்லை. கோடு வழுக்கி ஓடும். எண்ணெய் வண்ணத்தின் தடிப்பும் துகிலிகை மயிரின் சுவடும் திரையில் இல்லை; அச்சிட்ட தாளிலும் இல்லை. வண்ணம் உலரும் வரை காத்திருக்கும் வேளையில் ஓவியன் தன் பிழையை எண்ணிப் பார்ப்பதுண்டு. விரைவு மிக்க கருவி அவ்வோய்வைத் தருவதில்லை.

ஹாக்னி இவ்விழப்புகளை உணர்ந்தவர் என்பதற்கு அவர் அடுத்துச் செய்த பணியே சான்று. 2013இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குத் திரும்பிய அவர், கருவிகளை ஒருபுறம் வைத்துவிட்டு, துணியில் அக்ரிலிக் வண்ணம் கொண்டு உருவங்கள் எழுதத் தொடங்கினார். எல்லாத் துணிகளும் ஒரே அளவின, நாற்காலியும் ஒன்றே. ஒவ்வொருவரையும் இரண்டு மூன்று நாட்கள், ஏறத்தாழ 20 மணிநேரம், எதிரே இருத்தி எழுதினார். இக்கால அளவை நிழற்படக்காரர் ஒளி விழவிடும் நேரத்தோடு ஒப்பிட்டு அவர் விளையாட்டாகக் கூறுவதுண்டு. ஒருநாள் வரவேண்டியவர் வர இயலாமற் போகவே, ஒரு பலகையின்மீது காய்கனிகளை வைத்து எழுதினார். ஆகவே 2016இல் இலண்டன் இராயல் அகாதெமியில் '82 உருவங்களும் ஓர் அசையாப்பொருளும்' என்னும் பெயரால் அத்தொகுதி காட்சிக்கு வந்தது. அறிமுகமானோர் பலரும் ஒரே நாற்காலியில் வந்து அமர்ந்து செல்ல, ஒவ்வொருவரும் அமரும் வகையில் உள்ள வேறுபாடே அவர்தம் தன்மையைப் புலப்படுத்துகிறது.

எனினும் கணிப்பொறியை அவர் கைவிட்டாரல்லர். அதன்பின் 2017, 2018 ஆண்டுகளில் தம் பணிக்கூடத்தையும் அதிலுள்ளாரையும் பல கோணங்களில் எடுத்த எண்மப் படங்களைக் கணிப்பொறியில் இணைத்துப் பெரும் படங்கள் ஆக்கினார். 1982இல் கையால் ஒட்டித் தாயுருவம் அமைத்த முறையே ஈண்டு விரிவு பெற்றது. பழமைக்கும் புதுமைக்கும் இடையே அவர் சென்றுவந்த வழி ஒருவழிப்பாதையன்று. ஒவ்வொரு கருவியும் மற்றொன்றின் குறையை அவருக்கு அறிவித்தது.

முடிவுரை

கருவி மாறின் உருவ ஓவியத்தின் பண்பு மாறுமா என்பதை ஆராய வேண்டின், ஒரே முகத்தைப் பல கருவிகளால் ஒரே கை எழுதியிருத்தல் வேண்டும். அத்தகைய வாய்ப்பு இலண்டன் தேசிய உருவ ஓவியக்கூடத்தில் 2020 பிப்ரவரியில் தொடங்கிய 'வாழ்வினின்று வரைதல்' என்னும் கண்காட்சியில் கிடைத்தது. தாய், தோழி, நண்பர் இருவர், ஓவியர் தாம் என ஐவரை ஏறத்தாழ அறுபதாண்டுக் காலத்தில் எழுதிய படங்கள் அங்கு ஒருங்கு வைக்கப்பெற்றன. கரிக்கோல், மைக்கோல், வண்ணக்கோல், கேமரா லூசிடா, நிழற்பட அடுக்கு, ஐபேட் ஆகிய கருவிகள் யாவும் அதில் இடம் பெற்றன. பெருந்தொற்றால் சில வாரங்களிலேயே மூடப்பெற்ற அக்கண்காட்சி, புதிய உருவங்களும் சேர்ந்து 2023 நவம்பரில் மீண்டும் திறக்கப்பெற்றது.

அப்படங்களை வரிசையாக நோக்குவார்க்குக் கோட்டின் தடிப்பும் நிறத்தின் ஒளியும் கருவிதோறும் வேறுபடுதல் தெரியும். ஆனால் எழுதப்படுவோரின் முதுமை, சோர்வு, நாணம், பெருமிதம் ஆகியவை புலப்படும் இடங்கள் கருவியைப் பொறுத்தனவாக இல்லை. ஓவியர் எவ்வளவு நேரம், எவ்வளவு அன்போடு நோக்கினார் என்பதைப் பொறுத்தனவாகவே உள்ளன. விரைந்து எழுதிய ஐபேட் உருவம் ஒன்று மேலோட்டமாயிருத்தல் கூடும். அவ்வாறே விரைந்து எழுதிய கரிக்கோல் உருவமும் மேலோட்டமாகவே இருக்கும்.

மேற்கூறியவற்றால் மூன்று முடிபுகள் பெறப்படும். உருவ ஓவியர் கருவி கொள்ளுதல் பதினைந்தாம் நூற்றாண்டு முதலே சான்று உள்ள மரபாகும். ஹாக்னியின் வரலாற்று நூலிலுள்ள பெருங்கூற்று நிறுவப்பெறாவிடினும், அந்நூலுக்காக அவர் மேற்கொண்ட செய்முறை ஆராய்ச்சியே கணிப்பொறி உருவ ஓவியத்திற்கு அடிகோலியது. கருவிகளை மதிப்பிடுங்கால், பழையது புதியது என்னும் வேறுபாட்டினும், நோக்குவோனின் கையையும் காலத்தையும் காப்பது எது, விலக்குவது எது என்னும் வேறுபாடே கொள்ளத்தக்கது. டூரரின் ஓவியன் கண்ணாடிப் பலகையின் முன் அமர்ந்த 1525ஆம் ஆண்டிலும், ஹாக்னி ஒளிரும் கண்ணாடியின்மேல் விரல் வைத்த 2009ஆம் ஆண்டிலும், எதிரே ஒரு மனிதர் இருந்தார். அவரை ஒருவர் பொறுமையாக நோக்கிக்கொண்டிருந்தார். உருவ ஓவியம் அந்நோக்கில்தான் தொடங்குகிறது.